மீட்டர் 1.1 காட்டியது, ஒன்பது மாதம் யாருக்கும் என் குரல் கேட்கவில்லை

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க விருப்பமில்லை. ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே மற்றவர்களோடு வானொலியில் பேசும் பொழுதுபோக்கில், இறங்கிய முதல் ஒன்றரை வருடத்தில் நான் தொலைத்தது 61,500 ரூபாய். கடைசியில் கோளாறைச் சரிசெய்ய ஆன செலவு 3,400 ரூபாய். இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாதம், தினமும் காலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் யாராவது ஒருவர் என் மொட்டை மாடிக்கு வந்து ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நான் யாரையும் கூப்பிடவில்லை. இதை எழுதுவதே அந்த வெட்கத்துக்காகத்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பத்து வயதில் பிடித்தது. அப்பா நாகப்பட்டினம் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஊரில் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி வைக்கும் காலம். அப்பாவுக்கோ தந்தி என்றால் சத்தம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் விரல் தானாகத் தட்டும். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி எங்கள் ஊரில் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாக விழும். ஒரு நாள் காலையில் சிற்றலையில் 41 மீட்டரில் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நிலையங்கள் முடியும் ஓரத்தில் இரண்டு ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, செய்தி இல்லை. ஒருவர் தன்னுடைய 807 வால்வு சூடாகிறது என்றார், இன்னொருவர் அவர் ஊரில் மழை என்றார். அவ்வளவுதான். அரசாங்கம் இல்லாமல், கம்பி இல்லாமல், இரண்டு சாதாரண மனிதர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் கேட்டேன். “அவங்க ஹாம்டா, லைசன்ஸ் வாங்கி வீட்டிலேயே ஸ்டேஷன் வச்சிருப்பாங்க” என்றார். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டில் டா டி டா டி, டா டா டி டா என்று தட்டிக் காட்டினார். சி.க்யூ. ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று பொதுவாகக் கூப்பிடுவது.

அப்புறம் வாழ்க்கை நடந்தது. கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள். ரேடியோ ஆசை பரணில் ஏறியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அது தானாகக் கீழே இறங்கிவந்தது. எங்கள் ஊர் அன்று என்ன பாடுபட்டது என்று சொல்லத் தேவையில்லை. அந்தமானில் தொலைபேசி எல்லாம் அறுந்துபோன அந்த நாளில், ஹாம் ஒலிபரப்புக்காகத் தற்செயலாகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, விடுதியில் வைத்திருந்த செட் மூலம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி கொண்டுபோனார் என்று படித்தேன். ஓய்வு பெற்றதும் முதல் வேலை இதுதான் என்று அன்றே முடிவுசெய்தேன். ஓய்வு பெற்றது 2017 மே மாதம்.

முதல் முட்டாள்தனம் அடுத்த மாதமே நடந்தது. கையில் பணம் வந்துவிட்டது, பொறுமை வரவில்லை. தேர்வு எழுதுவதற்கு முன்பே இணையத்தில் தேடி ஜப்பானிலிருந்து பழைய ஹெச்.எஃப். செட் ஒன்றை, அதாவது சிற்றலையில் பேசவும் கேட்கவும் உதவும் கருவியை, வாங்கிவிட்டேன். செட் விலை, அனுப்பும் செலவு, இடைத்தரகர் கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். ‘செட் வந்து சேர்வதற்குள் பரீட்சை எழுதிவிடலாம்’ என்று ஒரு கணக்கு. பார்சல் சுங்கத்தில் நின்றது. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. என்னிடம் ஏது உரிமம்? அப்போது நடப்பில் இருந்த 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இந்த மாதிரிக் கருவியைப் பயன்படுத்துவது இருக்கட்டும், வைத்திருப்பதே தப்பு. அதிகாரிகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் அந்தச் செலவும் என் தலையில், விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தயாரில்லை. மூன்று மாதம் கடிதம் எழுதி அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். மனைவியிடம் ‘இன்னும் வரவில்லை’ என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வராது என்று அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்க வேண்டும், கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆகவே உரிமம் கையில் வரும்வரை காசைத் தொடாதீர்கள். வந்த பிறகும் முதல் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம். உரிமம் உள்ள இன்னொரு ஹாமிடம் பழையதாக வாங்குங்கள். அவர் உரிமத்தின் நகல், செட்டின் வரிசை எண் போட்ட விற்பனைக் கடிதம் இரண்டையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் ஆண்டெனாவில் நீங்களே பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தக் கடைசி வரியை நான் செய்திருந்தால் பாதிக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

தேர்வு ஒன்றும் பயப்படும் விஷயம் இல்லை. நான் எழுதியபோது ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரம். ரெஸ்ட்ரிக்டட் என்றால் மோர்ஸ் எனும் தந்தித் தட்டு மொழி இல்லை, கிடைக்கும் அழைப்புக்குறி (காற்றில் நம் பெயர் மாதிரி) வி.யு.3 என்று தொடங்கும், ஹெச்.எஃப்.பில் 50 வாட் வரை. ஜெனரல் என்றால் நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ், வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி. தந்திக்காரர் மகன் மோர்ஸுக்குப் பயந்து ரெஸ்ட்ரிக்டட் எழுதினேன். புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்து பார்த்ததால் வந்த பயம் அது. கண்ணால் படித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மனசு அட்டவணையைத் தேடி ஓடும், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். காதால் படிக்க வேண்டும், பாட்டு மாதிரி. எனக்கு அது பிறகுதான் புரிந்தது. சரி, சென்னையில் போய் எழுதினேன், தேறினேன். உரிமம் வரத்தான் காலம் பிடித்தது. காவல் சரிபார்ப்பு இருந்தது. நான் விண்ணப்பத்தில் இப்போதைய முகவரியையும், இணைத்த அடையாள அட்டையில் பழைய வாடகை வீட்டு முகவரியையும் கொடுத்து வைத்திருந்தேன். விசாரிக்க வந்தவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். விண்ணப்பிக்கும் முன் எல்லாக் காகிதத்திலும் ஒரே முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 2018 மார்ச்சில்தான் கைக்கு வந்தது.

அந்த இடைவெளியில் சும்மா இருக்க முடியாமல் ஆண்டெனா கட்டினேன். கதையே இங்குதான் இருக்கிறது. 40 மீட்டர் டைபோல், நடுவில் பிரித்த ஒரு நீளக் கம்பிதான் அது. 40 மீட்டர் என்பது அலையின் நீளம், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப் நட்டு, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூரைபோலச் சரித்துக் கட்டினேன். நடுவிலிருந்து ஆர்.ஜி.58 கோஆக்ஸ் கேபிள் (நடுக் கம்பியைச் சுற்றிச் செம்புப் பின்னல் போட்டது) 25 மீட்டர் கீழே இறங்கி என் அறை ஜன்னலுக்கு வரும். கேபிள் ஒரே துண்டாக இல்லை. இரண்டு துண்டுகளை மாடியில் பி.எல்.259 முனைகள் போட்டு இணைத்து, மேலே வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். அது 2017 அக்டோபர் முதல் வாரம். வடகிழக்குப் பருவமழைக்குப் பதினைந்து நாள் முன்னால், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீட்டில். அந்த மழைக்காலம் முழுக்கச் சின்ன ரிசீவர் ஒன்றை வைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நன்றாகவே கேட்டது.

மார்ச்சில் உரிமம் வந்ததும் உள்ளூர்ப் பக்கம் விசாரித்து 33,000 ரூபாய்க்கு ஒரு பழைய 100 வாட் செட் வாங்கி, சக்தியை 50க்குக் குறைத்து வைத்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.1 காட்டியது. இந்த எண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: செட்டிலிருந்து போகும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து மோதித் திரும்பி வருகிறது என்பதன் அளவு அது. 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 3க்கு மேல் போனால் செட்டுக்கு ஆபத்து. 1.1 என்பது நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி. போட்டோ எடுத்துப் பெரிய மகளுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். ‘சிக்யூ சிக்யூ சிக்யூ, திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம் த்ரீ...’ வி.யு.3ஐ அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பது வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வரி. பதில் இல்லை. மறுபடி. பதில் இல்லை. சரி, இடம் மாறி இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசைக்குப் போய், அவர்கள் நிறுத்தும் இடைவெளியில் என் அழைப்புக்குறியைச் சொன்னேன். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. எனக்கு எல்லோரும் கேட்கிறார்கள், நான் யாருக்கும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க நாம் போய் நின்றால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுபோல. இதில் அவமானம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கேபிள் சரியில்லையோ என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. வி.யு.3 என்பதால் புதியவனை மதிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. என் ஆங்கிலம் சரியில்லை என்று தோன்றியது. பழைய ஆட்கள் தங்களுக்குள் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வெளியாளைச் சேர்ப்பதில்லை என்று நினைத்து, முகம் தெரியாத மனிதர்கள் மேல் மாதக்கணக்கில் கோபமாக இருந்தேன். ஒரு நாள் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்னங்க, அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களா இல்லையா?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்று முழுக்க நான் அவளிடம் பேசவில்லை.

கோபம் ஆறியதும் சாக்குத் தேட ஆரம்பித்தேன். சூரியப் புள்ளிகள் குறைந்திருந்த காலம் அது, சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் மேல்வானப் படலமான அயனமண்டலம் பலவீனம் என்று படித்தேன். படித்ததில் தப்பில்லை, ஆனால் அதே அயனமண்டலத்தில்தான் மற்றவர்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் தெளிவில்லையோ என்று 6,500 ரூபாய்க்கு மேஜை மைக் வாங்கினேன். செட் பழசோ என்று ஜூலையில் அதை 24,000க்கு விற்றுவிட்டு 52,000க்கு இன்னொன்று வாங்கினேன். புதுச் செட்டை இணைத்ததும் மீட்டர் அதே 1.1. ‘ஆண்டெனா பிரமாதம்’ என்று மறுபடி சொல்லிக்கொண்டேன். இன்னொன்று, இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மற்ற ஹாம்கள் எல்லாம் ‘என் இடத்தில் இரைச்சல் அதிகம்’ என்று புலம்புவார்கள். என் செட்டில் பின்னணி இரைச்சலே இல்லை, அவ்வளவு அமைதி. என் வீடு இருக்கும் இடம் அப்படி என்று பெருமை வேறு.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரை கடந்தது. எங்கள் தலைக்கு மேலேதான். காற்றின் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவது கேட்காது. விடிந்து பார்த்தால் தெருவில் மின்கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. மின்சாரம் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. என் ஜி.ஐ. பைப் வளைந்து தரையில் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷம்கூட. இதற்காகத்தானே உரிமம் வாங்கினேன்? கம்பியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் பாதி முறிந்த வேப்ப மரத்திலும் மறுபடி கட்டினேன். அதே கேபிள். இன்வர்ட்டர் பேட்டரியைச் செட்டில் இணைத்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் புயலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டார், நாகப்பட்டினம் பக்கத்தில் யாராவது ஹாம் கேட்டுக்கொண்டிருந்தால் வாருங்கள் என்று. இடைவெளி விட்டார். நான் கத்தினேன். மைக் பட்டனை விட்டதும் அவர் குரல்: “யாரும் இல்லை போலிருக்கிறது.” மறுபடி கத்தினேன். தொண்டை கட்டும்வரை, பேட்டரி இறங்கும்வரை. கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய மகள் இரண்டு நாள் எங்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். “உயிரோடு இருக்கிறோம்” என்ற இரண்டு சொல்லை அனுப்ப, என் மேஜையில் 52,000 ரூபாய்ச் செட் இருந்தது.

அதற்கு மேல் வெட்கம் எங்கே? டிசம்பரில் கும்பகோணத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் மூலம் மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பழைய ஹாம் இருப்பது தெரிந்து போன் செய்தேன். எழுபது தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு?” என்றார். 1.1 என்றேன். “7.000லயும் 7.200லயும் பாருங்க” என்றார். அங்கேயும் 1.1. “14 மெகாஹெர்ட்ஸ்ல?” பார்த்தேன். 1.2. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்கு வர்றேன் தம்பி” என்றார்.

பஸ்ஸில் வந்தார். மஞ்சப்பை ஒன்று, அதற்குள் ஒரு பேனாக்கத்தி, ஒரு வாட் மீட்டர், எண்ணெய் டின் மாதிரி ஒரு டம்மி லோடு, ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் கருவி. காபிகூடக் குடிக்காமல் நேராக மாடிக்குப் போனார். என்னைக் கீழே உட்காரவைத்து, சக்தியை நன்றாகக் குறைத்து, சொல்லும்போது ஒரு நொடி மட்டும் அனுப்பச் சொன்னார். மேலிருந்து குரல் வந்தது. “இப்போ எவ்வளவு?” 1.1 என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இப்போ?” மறுபடி 1.1. “நல்லாப் பாருங்க.” பார்த்தேன். முள் அசையவில்லை. அவர் படியிறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றார். “ஆண்டெனாவைக் கழட்டிக் கையில வச்சிருக்கேன் தம்பி. உங்க மீட்டர் இன்னும் சந்தோஷமாத்தான் இருக்கு.”

மாடியில் இருந்த இணைப்புக்கு ஒரு சாண் தள்ளி கேபிளை வெட்டினார். செம்புப் பின்னல் பளபளவென்று இருக்க வேண்டும். கரிபிடித்த பாத்திரம் மாதிரி கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கேபிளைச் சாய்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து “உப்பு” என்றார். இன்னும் இரண்டு மீட்டர் தள்ளி வெட்டினார், அங்கேயும் கறுப்பு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பின்னல் தண்ணீரை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. அப்புறம் மிச்சக் கேபிளின் முனையில் டம்மி லோடையும் வாட் மீட்டரையும் இணைத்து அளந்தார். செட்டிலிருந்து 40 வாட் போனது. மறுமுனையில் 2 வாட் வந்தது. மீதி 38 வாட் ஒன்பது மாதமாக என் வீட்டுச் சுவரில் தொங்கிய கேபிளைச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் மீட்டர் ஏன் பொய் சொன்னது என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. ‘சக்தி திரும்பி வருகிறதா’ என்று மட்டும் அதற்குத் தெரியும். ‘போய்ச் சேர்ந்ததா’ என்று தெரியாது. கெட்டுப்போன கேபிள் போகும் வழியிலேயே முக்கால்வாசிக்கு மேல் விழுங்கிவிடும். மிஞ்சியது முனையில் மோதித் திரும்பினால் வரும் வழியில் மறுபடி விழுங்கும். மீட்டருக்கு எதுவும் வந்து சேராது. ‘ஆகா, எதுவும் திரும்பவில்லை’ என்று 1.1 காட்டும். நல்ல ஆர்.ஜி.58 என்றால் 25 மீட்டரில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டெசிபெல் (சக்தி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு) அளவுதான் போகும், 40 வாட் போனால் முப்பதுக்கு மேல் வந்து சேர வேண்டும். எனக்குப் போனது பதின்மூன்று டெசிபெல். நான் பெருமைப்பட்ட அந்த அமைதியும் இதனால்தான். வெளியே இருந்த இரைச்சலையும் கேபிள் சேர்த்தே விழுங்கியது. ஆனால் மற்றவர்கள் குரலும் அதே அளவு குறைந்ததால், குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மாறவில்லை, எனக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது.

இப்போது யாராவது என்னிடம் ‘எல்லா இடத்திலும் 1.1’ என்று சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையான டைபோல் ஒரு இடத்தில்தான் நன்றாக இருக்கும், இரண்டு பக்கமும் போகப் போக எண் ஏறும். 40 மீட்டருக்கு வெட்டிய கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் மோசமாகக் காட்ட வேண்டும், காட்டினால்தான் அது உயிரோடு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அவர் செய்ததையே செய்யுங்கள்: ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த சக்தியில் ஒரு நொடி. முள் எகிற வேண்டும். எகிறவில்லை என்றால் கேபிளைத் தூக்கி எறியுங்கள், செட்டை விற்காதீர்கள். இரண்டாவது, நம் குரலை நாமே கேட்க வழி இருக்கிறது. உலகம் முழுக்கப் பல ஊர்களில் ரிசீவர்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். செல்போனில் அதைத் திறந்து உங்கள் அலைவரிசையை வைத்துவிட்டுப் பேசினால், சில நொடி கழித்து அங்கே விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காசு கிடையாது. இது எனக்குத் தெரிந்திருந்தால் ஏப்ரல் மாதமே முடிந்திருக்கும். தினமும் காலையில் முகம் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு நான் கேட்கவே இல்லை.

புதுக் கேபிள் ஒரே துண்டாக 27 மீட்டர் வாங்கினோம், இணைப்பே இல்லாமல். முனைகளுக்குத் தானாகவே ஒட்டிக்கொண்டு ரப்பர் கட்டிபோல ஆகிவிடும் டேப் ஒன்று இருக்கிறது, அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்வதுபோல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து உள்ளே விடும், நான் முன்பு அப்படித்தான் சுற்றியிருந்தேன். அதன்மேல் வெயில் தாக்காமல் இருக்கக் கறுப்பு டேப். கம்பியின் நடுவில் கேபிள் இறங்கும் இடத்திலும், ஜன்னலுக்குள் நுழையும் முன்னும், கேபிளைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. எங்களைப் போலக் கடற்கரையில் இருந்தால் வருடா வருடம் செப்டம்பரில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். கேபிள், முனை, டேப் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 3,400.

பெரியவர் இன்னொன்றுக்கும் திட்டினார். செட்டிலிருந்து பூமிக் கம்பி இல்லை, ஆண்டெனா இரவும் பகலும் செட்டிலேயே செருகியிருக்கிறது. “இத்தனை நாள் இடி உங்களைக் கண்டுக்காம போனதுதான் ஆச்சரியம்.” இப்போது பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் மேற்கே மேகம் கறுத்தாலே கை அங்கே போய்விடும்.

அவர் அன்று சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. புதுக் கேபிளை இணைத்தபோது மீட்டர் 1.6 காட்டியது. எனக்கு முகம் வாடிவிட்டது. “இதுதான் நல்ல நம்பர்” என்றார். நாலே முக்காலுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடச் சொன்னார். நான் மைக்கை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிக்யூ சொல்லிப் பட்டனை விட்டேன். உடனே, இன்னும் மூச்சு விடக்கூட இல்லை, ஒரு குரல் என் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது. பாலக்காட்டுக்காரர். மலையாளம் கலந்த தமிழில், ஃபைவ் அண்டு நைன் (தெளிவுக்கும் பலத்துக்கும் முழு மதிப்பெண்), நல்ல கனமான சிக்னல், புது ஸ்டேஷனா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றது நினைவிருக்கிறது. பேசியதை எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று பெரியவர் ஞாபகப்படுத்தினார். எழுதினேன். அழைப்புக்குறி, அலைவரிசை, 59 எல்லாம் இருக்கிறது. நேரம் எழுதும் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன், அந்த வரியில் அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.